பழைய பாடியில் ரோட்ஸ்டர் கட்டுவது: முதன்முறை தொடங்குவோருக்கு

இரண்டு பேர் உட்கார இடம். மேலே நிலையான கூரை கிடையாது, கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. ரோட்ஸ்டர் என்றால் இதுதான். மழை வந்தால் துணிக்கூரையை இழுத்து மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவே. இப்படிப்பட்ட பழைய பாடி ஒன்றை எடுத்து, அதற்கு வேறு ஃப்ரேம் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்), வேறு இன்ஜின், வேறு பிரேக் பொருத்தி ஓட்டும் வழக்கம் அமெரிக்காவில், முக்கியமாகத் தெற்குக் கலிஃபோர்னியாவில் வளர்ந்தது. மூரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் வேகம் பார்க்க விரும்பியவர்கள் கையில் கிடைத்த மலிவான ஃபோர்டுகளைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள். 1950இல் ஓக்லாந்தில் நடந்த முதல் ரோட்ஸ்டர் கண்காட்சியில் பெரிய கோப்பையை வென்ற பில் நீகாம்பின் கார், எஸ்ஸெக்ஸ் ஃப்ரேம் மேல் ஏற்றிய 1929 ஃபோர்டு பாடி. வெவ்வேறு கார்களின் பாகங்களை ஒன்றாகச் சேர்ப்பது இந்தத் துறையில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது.

பழைய காரைப் பழையபடியே மீட்டெடுப்பது வேறு வேலை. அதில் எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும் என்பதைத் தொழிற்சாலையே முடிவு செய்து வைத்திருக்கும். இங்கே அதையெல்லாம் கட்டுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்ஜினை ஓர் அங்குலம் பின்னால் தள்ளினால், இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகடு இடிக்கும். முன்னால் தள்ளினால் ரேடியேட்டர் ஃபேன் இடிக்கும். பின்பக்கத்தை உயர்த்தினால் முன் சக்கரக் கோணம் மாறும். வேலை பாதியில் நின்றுபோகும் கார்களில் பெரும்பாலானவை வெல்டிங் தெரியாததால் நிற்பதில்லை, எதை முதலில், எதைப் பிறகு முடிவு செய்வது என்ற வரிசை தெரியாததால்தான் நிற்கின்றன.

பாடி

தொடங்குவோர் பெரும்பாலும் கைவைப்பது 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு ஏ மாடல் அல்லது 1932 ஃபோர்டு. ஏ மாடலின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம், 103.5 அங்குலம், 1932 காரினுடையது 106 அங்குலம். 1932இன் ஃப்ரேம் பக்கவாட்டில் வெளியே தெரியும். அதிலேயே ஓர் அழகான வளைவு அச்சாகியிருக்கும். அதனால்தான் ஏ மாடல் பாடியை 1932 ஃப்ரேம் மேல் வைப்பது பலருக்கும் பிடித்த கூட்டணி. இரண்டுக்கும் இன்று புதிதாக அச்சடித்த இரும்பு பாடியும் ஃபைபர்கிளாஸ் பாடியும் கிடைக்கின்றன. முதல் காருக்கு அவற்றை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துருப்பிடித்த அசல் பாடியை நேராக்கப் போகும் காலத்தில் ஒரு கார் முழுதாக முடிந்துவிடும்.

அசல் பாடிதான் வேண்டுமென்றால், வாங்கும் முன் அடிப்பகுதியைப் பாருங்கள். கீழிருந்து ஆறு அங்குலம் வரைதான் துருவின் ஆட்சி: கதவுக்குக் கீழே ஓடும் சப்ரெயில், விண்ட்ஷீல்டுக்கு முன்னால் உள்ள கௌல் பகுதியின் அடி ஓரம், டிக்கியின் தரை. சின்ன ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மேலே பளபளப்பாகவும் கீழே மெத்தென்றும் இருந்தால், பெயிண்ட் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அடுத்தது கதவு. கதவுத் தகட்டில் பள்ளம் இருந்தால் கவலை வேண்டாம், தட்டி எடுத்துவிடலாம். கீல் தூணே முறுக்கியிருந்தால்தான் சிக்கல்.

வண்டி எண், பதிவுத்தாள் இரண்டையும் அப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஃபோர்டுகளில் எண் ஃப்ரேமின் மேல்பக்கத்தில் அடிக்கப்பட்டிருக்கும். ஃப்ரேமை மாற்றினால் பல இடங்களில் காரின் சட்ட அடையாளமே மாறிவிடும். முடிந்த காருக்குப் பதிவு கிடைக்காமல் தவிப்பதைவிட, முதல் வாரத்திலேயே பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

கூரை இல்லாததன் விலை

மூடி இல்லாத அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்து முறுக்கிப் பார்த்தால் ரோட்ஸ்டரின் பிரச்சினை புரிந்துவிடும். கூரையுள்ள காரில் தூண்களும் கூரையும் சேர்ந்து பாடியைப் பிடித்துக்கொள்ளும். இங்கே அந்தச் சுமை முழுவதும் ஃப்ரேம், தரை, சப்ரெயில் ஆகியவற்றின் தலையில் விழுகிறது. பலவீனமாகக் கட்டிய ரோட்ஸ்டரை ஒரு மூலையில் ஜாக்கி போட்டுத் தூக்கினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், அல்லது இறுகி மூடிக்கொள்ளும். மேடுபள்ளத்தில் விண்ட்ஷீல்டு தனியாக ஆடும்.

ஆகவே பழைய பாடியில் எதை வெட்டும் முன்னும் உள்ளே தற்காலிகக் குழாய்களை வெல்டு செய்யுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்று, கீல் தூணிலிருந்து கதவின் பூட்டுத் தூண் வரை. குறுக்கே ஒன்று, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு. இவற்றோடு மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி. ஓர் அங்குலச் சதுரக் குழாய் போதும். கதவுகளை மாட்டி, இடைவெளி சரியாக இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். தப்பான நிலையில் குழாய் வைத்தால் அந்தத் தப்புதான் நிலைத்து நிற்கும். அழுகிய சப்ரெயிலைக் கழற்றுவது இதற்குப் பிறகே. அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்.

ஏ மாடலுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. அதன் பெட்ரோல் டேங்க் விண்ட்ஷீல்டுக்கு முன்னால், கால்முட்டிக்கு மேலே இருக்கிறது. டேங்கின் மேல்தகடுதான் காரின் வெளித்தோலும்கூட. பாதுகாப்புக்காக அதில் பெட்ரோல் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பின்னால் புது டேங்க் வைப்பது நல்ல முடிவுதான். ஆனால் அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டால் கௌலின் உறுதி போய்விடும். கீல் தூண் இரண்டையும் இணைத்து டேஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்குக் குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். இன்னொன்று: பெட்ரோல் இருந்த டேங்கை எத்தனை வருடம் காலியாகக் கிடந்தாலும் வெல்டிங் நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள். உள்ளே ஆவி இருக்கும். அதைச் சுத்தம் செய்து வெட்டுவது அந்தத் தொழில் தெரிந்தவர்களின் வேலை.

ஃப்ரேம்

பழைய ஃப்ரேம் ஒரு பக்கம் திறந்த ‘ப’ வடிவச் சட்டம். ஏ மாடலின் அசல் இன்ஜின் 40 குதிரைத்திறன்தான். 1932இல் வந்த 221 கன அங்குல வி8கூட 65தான். அந்தச் சட்டத்தில் இன்றைய வி8 ஒன்றை உட்கார வைத்தால் முறுக்கிக்கொள்ளும். திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குவதுதான் வழி. 3 முதல் 5 மி.மீ. தகடு போதும். தகட்டை விளிம்போடு சமமாக வைக்காமல் சற்று உள்ளே தள்ளி வையுங்கள். வெல்டு நிரம்ப ஒரு பள்ளம் கிடைக்கும். பிறகு அரைத்துச் சமமாக்கினாலும் உறுதி குறையாது.

வெல்டிங்கில்தான் ஃப்ரேம் வாழைப்பழமாக வளையும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே இழுப்பாக இழுத்தால் சூடான பக்கம் சுருங்கிச் சட்டத்தையே இழுத்துவிடும். முதலில் முழு நீளத்துக்கும் பொட்டு வெல்டு. பிறகு ஓர் அங்குலம் இங்கே, அடுத்தது அந்தப் பக்கச் சட்டத்தில், அடுத்தது மறுமுனையில் என்று மாறி மாறிப் போக வேண்டும். கைவைத்தால் சுடாத அளவு ஆறிய பிறகே அடுத்த சுற்று. ஃப்ரேம் முழுவதும் உறுதியான மேசையிலோ ஜிக்கிலோ இறுகப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். தொடங்கும் முன்பும் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மூலைக்கு மூலை அளந்து எழுதி வையுங்கள். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

முதலில் நிற்க வையுங்கள்

எதையும் முழுதாக வெல்டு செய்யும் முன், கார் எந்த உயரத்தில் நிற்கப் போகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும். போடப் போகும் அதே அளவு சக்கரமும் டயரும் வேண்டும். ஃப்ரேமை அந்த உயரத்தில் தாங்கிகள் மேல் வைத்து, ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொண்டு நடுக்கோட்டைத் தரையில் வரைந்துவிடுங்கள். இனிமேல் எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான். ஃப்ரேம் மேல் பாடி, ரேடியேட்டர் கூடு, காலி இன்ஜின் பிளாக், கியர்பாக்ஸ், சீட், ஸ்டியரிங் எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்தும் பாருங்கள். ரோட்ஸ்டரின் உள்ளிடம் சிறியது. பாடியை ஃப்ரேம் மேல் கீழிறக்கிப் பொருத்தும் சேனலிங் செய்தால், நான்கு அங்குலம் இறக்கும்போது கால்வைக்கும் ஆழத்திலும் நான்கு அங்குலம் போகும். புகைப்படத்தில் அழகாக இருக்கும் பல கார்களை உயரமானவர் ஓட்ட முடியாது.

எவ்வளவு தாழ்த்தலாம் என்பதற்கு ஒரு கறார் விதி உண்டு: சக்கர ரிம்மின் அடி விளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது. டயர் காற்றிறங்கினால் கார் ரிம்மில் நிற்கும். அப்போது ஸ்டியரிங் கம்பியோ இன்ஜின் ஆயில் பானோ சாலையைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

முன் ஆக்சில்

இதில் நேரம் செலவழிப்பது வீண்போகாது. பாரம்பரிய ரோட்ஸ்டரில் முன்னால் ஒரே துண்டு ஆக்சில், அதன் மேல் குறுக்காக ஒரு லீஃப் ஸ்பிரிங். காரைத் தாழ்த்த, நடுப்பகுதி சுமார் நான்கு அங்குலம் இறங்கிய ஆக்சிலைப் போடுவார்கள். ஆக்சிலைப் பிடிக்கும் கைகளில்தான் தேர்வு இருக்கிறது. பழைய ஃபோர்டின் ‘வி’ வடிவக் கையான விஷ்போனை நடுவில் பிரித்து ஃப்ரேமின் இரு பக்கமும் மாட்டுவது ஒரு முறை. ஹேர்பின் எனும் வளைந்த கம்பிகளும் அதே மாதிரிதான். இரண்டிலும் ஒரு சக்கரம் மட்டும் மேடேறும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். ‘ஐ’ வடிவ ஆக்சில் அந்த முறுக்குக்கு இடம்கொடுக்கும், உருண்டைக் குழாய் ஆக்சில் கொடுக்காது. குழாய் ஆக்சிலில் ஹேர்பின் மாட்டினால் முறுக்கு பிராக்கெட்டுக்குப் போய் அங்கே விரிசல் விடும். குழாய் ஆக்சில் என்றால் பக்கத்துக்கு இரண்டு கம்பிகள் கொண்ட நான்கு கம்பி அமைப்பு, ‘ஐ’ ஆக்சில் என்றால் எதுவும் சரி.

முன் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சுதான் கிங்பின். அதன் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் காஸ்டர். இப்படிப்பட்ட காருக்கு 5 முதல் 7 டிகிரி வேண்டும். குறைந்தால் நேர்ச்சாலையில் கார் அலைபாயும், ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. ஃப்ரேமைச் சமமாக வைத்து 6 டிகிரி வைத்துவிட்டு, பிறகு பெரிய பின்டயர் போட்டுப் பின்பக்கத்தை உயர்த்துவது தொடங்குவோர் அடிக்கடி செய்யும் தவறு. 106 அங்குல வீல்பேஸில் பின்பக்கம் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்தாலே ஒரு டிகிரி காஸ்டர் போய்விடும். நிற்கும் உயரத்தை முதலில் முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவான டோ-இன் 1.5 முதல் 3 மி.மீ. போதும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் வெறிபிடித்ததுபோல் உதறினால் கிங்பின் தேய்மானம், இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராட்டின் தளர்ந்த முனைகள், காஸ்டர் குறைவு, சமனில்லாத டயர் என்ற வரிசையில் தேடுங்கள். ஸ்டியரிங் டேம்பர் மாட்டினால் உதறல் மறையும், காரணம் மறையாது. ஸ்டியரிங் பாக்ஸ் குறுக்காகத் தள்ளும் வகையாக இருந்தால் ஆக்சிலையும் ஃப்ரேமையும் குறுக்காக இணைக்கும் பேன்ஹார்டு கம்பி ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முனையின் ஆடும் இணைப்பான ஷேக்கிளில் ஆக்சிலே பக்கவாட்டில் நகரும். அந்தக் கம்பி, ஸ்டியரிங் இழுகம்பிக்கு இணையாகவும் முடிந்தவரை அதே நீளத்திலும் இருந்தால்தான் மேடுபள்ளத்தில் கார் தானாகத் திரும்பாது.

பின் ஆக்சிலும் இன்ஜினும்

1948 வரை ஃபோர்டு கார்களில், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடியது. அந்தக் குழாய்தான் பின் ஆக்சிலை முன்பின்னாக நகராமல் பிடித்தது. புதிய கியர்பாக்ஸோடு திறந்த ஷாஃப்ட் போட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும். பதிலுக்கு, ஆக்சிலை ஃப்ரேமோடு பிடிக்கும் ஏணி வடிவக் கையான லேடர் பாரோ நான்கு கம்பி அமைப்போ வேண்டும். ஆக்சில் வாங்கும்போது பிரேக் டிரம் முகத்திலிருந்து மறு முகம் வரை அளந்து வாங்குங்கள். சக்கரம் எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் வாங்கினால் டயர் ஃபெண்டரில் உரசும்.

இன்ஜின் கிராங்க் பின்னோக்கி 3 டிகிரி சாய்ந்திருந்தால், பின் ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கு 3 டிகிரி மேல்நோக்கி, இரண்டும் இணைகோடாக இருக்க வேண்டும். கோணம் பொருந்தாவிட்டால் வேகத்தில் நடுக்கம் வரும். கோணமே இல்லாமல் நேர்கோட்டில் வைப்பதும் தவறு. ஷாஃப்ட் முனைகளில் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட்டின் உருளைகள் சுழலாமல் ஒரே இடத்தில் குத்திப் பள்ளம் விழும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் 1 முதல் 3 டிகிரி வரை இருப்பது நல்லது. இதை அளக்கும்போது காரின் முழு எடையும் ஸ்பிரிங் மேல் இருக்க வேண்டும்.

எந்த இன்ஜின் என்பது அவரவர் ஆசை. 1955இல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் குடும்பத்துக்கு எல்லாப் பாகமும் கிடைக்கும் என்பதால் அதுவே அதிகம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் அதில் பின்னால் இருப்பதால் ஃபயர்வாலில் பள்ளம் வெட்ட வேண்டிவரும். ஃபோர்டு 302இல் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருக்கும். ஆனால் ஆயில் பானின் ஆழமான பகுதியும் முன்னால் இருந்தால் ஃப்ரேமின் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரில் இடிக்கும். ஓட்டுநர் பக்கத்தில் ஸ்டியரிங் பாக்ஸ், பிரேக் பெடல், எக்ஸாஸ்ட் மூன்றும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். எக்ஸாஸ்ட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் பிறகு ஸ்டியரிங் ஷாஃப்டை மறுபடி வெட்டுவார்கள்.

பிரேக், பெட்ரோல், மின்சாரம்

ஃபோர்டு 1939இல்தான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்தது. அதற்கு முந்தைய கம்பி பிரேக்கை வி8 வைத்த காரில் விட்டுவைக்கக் கூடாது. முன், பின் தனித்தனிச் சுற்று உள்ள மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள். பூஸ்டர் இல்லாவிட்டால் பெடல் விகிதம் 6:1 வேண்டும்: அச்சிலிருந்து கால்வைக்கும் இடம் 12 அங்குலம் என்றால், அச்சிலிருந்து தள்ளுகம்பி 2 அங்குலம். ரோட்ஸ்டரில் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் தரைக்குக் கீழே, சக்கரத்தின் கேலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும். அப்போது பிரேக் ஆயில் திரும்பி வடிந்து, ஒவ்வொரு முறையும் பெடலை இரண்டு தடவை மிதிக்க வேண்டியிருக்கும். டிஸ்க் பிரேக் லைனில் 2 பி.எஸ்.ஐ., டிரம் லைனில் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு வைத்தால் தீர்ந்தது. லைன் இரும்புக் குழாயாகவும் முனை இரட்டை மடிப்பாக விரித்த ஃப்ளேராகவும் இருக்க வேண்டும். வெறும் செம்புக் குழாய் அதிர்வில் வெடிக்கும்.

பெட்ரோல் லைன் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகக் கூடாது, டேங்கில் காற்றுப்போக்கி கட்டாயம். பழைய ஃபோர்டு 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். எப்படியும் புது வயரிங்தான் போடப் போகிறீர்கள், 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்கு மாறிவிடுங்கள். இன்ஜினுக்கும் ஃப்ரேமுக்கும், ஃப்ரேமுக்கும் பாடிக்கும் தனித்தனித் தடித்த எர்த் பட்டை வையுங்கள். ஃபைபர்கிளாஸ் பாடி என்றால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர்.

சீட் பெல்ட்டை இடுப்புக்கு மட்டும் வைத்து ஃப்ரேமோடு இணைப்பது எளிது. தோள்பட்டைப் பெல்ட்டுக்குப் பின்னால் தோளுயரத்தில் பிடிமானம் வேண்டும், ரோல்பார் இல்லாத ரோட்ஸ்டரில் அது கிடையாது. தரையில் கட்டிய தோள் பெல்ட் மோதலில் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும்.

பெயிண்ட்டுக்கு முன் ஓட்டம்

எல்லாம் பொருந்தியதும் பெயிண்ட் இல்லாமலே சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஆயில் கசிவு, ரேடியேட்டர் சூடு, உரசும் டயர், எட்டாத பெடல் எல்லாம் அப்போதுதான் தெரியும். மறந்துபோன ஒரு பிராக்கெட்டை வெறும் இரும்பில் வெல்டு செய்வது பத்து நிமிட வேலை. பெயிண்ட் அடித்த பிறகு அதே வேலை ஒரு வாரம்.

பிறகு முழுவதும் கழற்றி, டிங்கரிங். அகலமான தட்டைத் தகட்டில் மணல் பாய்ச்சினால் தகடு அலையலையாக நெளியும். அங்கே ரசாயனமோ பிளாஸ்டிக் துகளோ பயன்படுத்துங்கள், மணல் ஃப்ரேமுக்கு மட்டும். ஒட்டுத்தகடு சுமார் 1 மி.மீ., வெல்டிங் கம்பி 0.6 மி.மீ. பொட்டு வெல்டு, ஆற விடுதல், சுருங்கிய இடத்தைச் சுத்தியலும், தகட்டின் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டையான டாலியும் கொண்டு தட்டி விரித்தல் என்றுதான் போக வேண்டும். அவசரப்பட்டால் பள்ளம் விழும், அதைப் பட்டி போட்டு மறைக்கத் தோன்றும். பட்டி 3 மி.மீ.க்கு மேல் போனால் ஒருநாள் விரிசல் விடும்.

கதவு இடைவெளியைப் பாடிக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே உள்ள ஷிம் தகடுகளால் சரிசெய்யுங்கள், கீலை வளைத்து அல்ல. இடைவெளி மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது, நடு ஷிம்மைக் கூட்டுங்கள். மேலே விரிந்திருந்தால் முனைகள் தொங்குகின்றன. வெறும் தகட்டில் 5 மி.மீ. வைத்தால், பிரைமரும் பெயிண்ட்டும் இரு விளிம்பிலும் ஏறிய பிறகு சுமார் 4 மி.மீ. நிற்கும். இதை மறந்து 3 மி.மீ. வைத்த கதவு, மூடும்போது புதுப் பெயிண்ட்டை உரித்துவிடும்.

மறுபடி பூட்டும்போது ஷிம்கள் எந்தப் போல்ட்டில் எத்தனை என்று எழுதி வைத்த தாள்தான் துணை. ஃப்ரேம் மேல் பெயிண்ட் ஏறியிருப்பதால் ஒன்றிரண்டு மாறலாம். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்பிரிங் யூ-போல்ட், சக்கர நட், பாடி போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சு வைத்து மறுபடி இறுக்குங்கள். பெயிண்ட் மேல் உட்கார்ந்த போல்ட் எப்போதும் கொஞ்சம் தளரும்.